நிறம் நீங்கிய இரும்பு: மறைந்த சிற்பியின் ஆக்கமும் காப்போர் கடப்பாடும்

கலைஞன் ஒருவன் இறந்தபின் அவனுடைய ஆக்கங்களைப் பேணும் பொறுப்பை ஏற்போர் எதற்குக் கட்டுப்பட்டவர் என்னும் வினா, மேலெழுந்தவாரியாக நோக்குமிடத்துச் சட்டத்தின்பாற்பட்டது போலத் தோன்றும். மரணசாசனத்தை வாசித்து, சொத்துக்களைக் கணக்கிட்டு, உரியவரிடம் ஒப்படைப்பதோடு அப்பொறுப்பு நிறைவெய்திவிடும் எனச் சட்டவறிஞர் கூறுதல் கூடும். ஆயின், ஆக்கம் முற்றுப்பெறாத நிலையிலேயே ஆக்கியோன் மறைந்துவிடுமிடத்தும், பொறுப்பேற்றவர் அக்கலையில் ஆக்கியோனுக்கு நிகரான தேர்ச்சி உடையவராய் இருக்குமிடத்தும், இவ்வினா சட்டப் புத்தகங்களைக் கடந்து அறவியலின் எல்லைக்குள் வந்துவிடுகின்றது. அமெரிக்க உலோகச் சிற்பி டேவிட் ஸ்மித்தின் வாழ்வும், அவர் மறைவின் பின் அவருடைய சிற்பங்கள் சிலவற்றுக்கு நேர்ந்த கதியும் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்றதொரு களமாக அமைகின்றன.

ஸ்மித் 1906 ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்து டெகேற்றர் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். கலைக்கல்லூரிக்குச் செல்லுமுன்பே தொழிற்சாலைக்குச் சென்றவர் என அவரைக் கூறுதல் பெரிதும் பொருந்தும். 1925 ஆம் ஆண்டு கோடைகாலத்திலே சவுத் பென்ட் நகரிலிருந்த ஸ்ருடிபேக்கர் மோட்டார்த் தொழிற்சாலையில் தறையாணி அடிப்பவராகவும் உலோகத்தகடுகளை ஒட்டுபவராகவும் அவர் வேலை செய்தார். மறு ஆண்டு நியூயோர்க் சென்று ஓவியம் பயின்றார். முப்பதுகளின் தொடக்கத்திற் பிரெஞ்சுக் கலைச் சஞ்சிகை ஒன்றிலே, பிக்காசோவும் ஹூலியோ கொன்சாலெசும் இரும்பை ஒட்டிச் செய்த உருவங்களின் படங்களைக் கண்டபோது, தாம் தொழிற்சாலையிற் கற்ற கைவினையே சிற்பமும் ஆகலாம் என்னும் உண்மை அவருக்குப் புலனாயிற்று. 1933 இல் அவருடைய முதலாவது ஒட்டிரும்புச் சிற்பங்கள் பிறந்தன. புறூக்ளின் துறைமுகப் பகுதியிலிருந்த 'ரேர்மினல் அயன் வேர்க்ஸ்' என்னும் இரும்புப் பட்டறையில் இடம்பெற்று அங்குள்ள தொழிலாளரோடு தொழிலாளராக அவர் வேலை செய்தார். பின்னர் நியூயோர்க் மாநிலத்தின் வடபால் மலைப்பகுதியிலுள்ள போல்ற்றன் லான்டிங் என்னுமிடத்திலே தமக்கெனப் பட்டறை அமைத்தபோதும் அப்பழைய பெயரையே அதற்குச் சூட்டினார். போர்க்காலத்திலே 1942 முதல் 1944 வரை ஸ்கெனெக்ரடி நகரத்துப் புகைவண்டி இயந்திரத் தொழிற்சாலையில் இயந்திரங்களையும் போர்த்தாங்கிகளின் கவசத் தகடுகளையும் ஒட்டினார். போரையும் போரால் இலாபமடைவோரையும் எள்ளிப் 'பழிக்குரிய பதக்கங்கள்' என்னும் பதினைந்து வெண்கலப் பதக்கங்களை 1937 முதல் 1940 வரை செய்து முடித்த கைகளே அவை என்பது தனியாக ஆராயப்பட வேண்டியது.

இவ்விடத்து அவருடைய செய்முறை பற்றிச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. உலோகச் சிற்பம் என்றதும் வார்ப்பே பெரும்பாலோர் நினைவுக்கு வரும். வார்ப்பிலே சிற்பியின் கை களிமண்ணையோ மெழுகையோ தீண்டுகின்றது. உலோகம் பின்னரே வந்து அவ்வடிவத்தை நிரப்புகின்றது. அச்சு இருக்குமாயின் ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளும் எடுக்கலாம். ஸ்மித் கையாண்ட முறை இதனின்றும் அடிப்படையில் வேறானது. ஒட்சிசன் - அசற்றலீன் சுவாலை கொண்டும் பின்னர் மின்வில் கொண்டும் உருக்குத் தகடுகளையும் குழாய்களையும் பழைய கருவிகளின் உறுப்புக்களையும் நேரடியாக ஒன்றோடொன்று உருக்கி இணைத்தார். முன்மாதிரியும் இல்லை, அச்சும் இல்லை. ஆகவே ஒவ்வொரு சிற்பமும் ஒன்றேயான பொருளாகும். அதன் மேற்பரப்பிலே காணப்படும் ஒவ்வோர் அடையாளமும் அவர் கைபட்டதாகும். அது அழியுமாயின் மீட்டெடுத்தற்கு வேறோர் இடமில்லை. நூலொன்றின் ஒரு பிரதி அழியினும் பிறிதொரு பிரதி எஞ்சும். ஒட்டிரும்புச் சிற்பத்திற்கு இவ்வாய்ப்பு இல்லை.

மேற்பரப்பு என்னுமிடத்து நிறமும் அதனுள் அடங்கும். ஓவியராகத் தொடங்கிய ஸ்மித் இறுதிவரை ஓவியத்தைக் கைவிடவில்லை. தம்மை ஓவியத்தினின்றும் பிரித்து நோக்கவும் இல்லை. அவருடைய சிற்பங்கள் பல பூச்சற்ற இரும்பாய்த் துருவேறி நின்றன, பல நிறந்தீட்டப்பெற்றன, 1961 முதல் 1965 வரை ஆக்கப்பெற்ற 'கியூபி' வரிசையைச் சேர்ந்த இருபத்தெட்டுச் சிற்பங்களோ கறையில் உருக்கினாலாகி, சாணை இயந்திரத்தின் சுழற்கீறல்களாற் சூரிய ஒளியை அலையலையாகத் திருப்பி வீசின. நிறந்தீட்டும் சிற்பங்களை அவர் எத்துணைக் கருத்தோடு அணுகினார் என்பதற்கு 1964 ஆம் ஆண்டு அளித்த செவ்வி ஒன்று சான்றாகும். ஏறத்தாழப் பதினைந்து தரம் அடிப்பூச்சிட்டு, அதன்மேல் நாகப்பூச்சிட்டு, அதன்மேல் வெண்பூச்சிட்டு, அதன் பின்னரே நிறத்தைத் தீட்டுவதாகவும், மொத்தத்தில் இருபத்தைந்து முப்பது பூச்சுக்கள் ஆகும் என்றும் அதிலே அவர் கூறினார். மோட்டார் வண்டித் தொழிலாளியாயிருந்தவர் அன்றோ! விலையுயர்ந்த வண்டிக்கு இடும் பூச்சினும் தம்முடையது பன்மடங்கு தடிப்பானது என ஒப்பிட்டுப் பெருமிதங் கொள்ளவும் அவர் தவறவில்லை.

வெள்ளை என்பது அடிநிலையே. இறுதி நிலை அன்று. இதனை ஸ்மித்தே ஒப்புக்கொண்டார் எனலாம். ஆயினும் 1962 இல் ஆக்கிய 'பிறீமோ பியானோ' என்னும் மூன்று பெருஞ் சிற்பங்களும் வேறு சிலவும் வெண்பூச்சோடு அவருடைய புல்வெளியிலே ஆண்டுக்கணக்கில் நின்றன. மலையையும் வானத்தையும் பின்புலமாகக் கொண்டு அவற்றை அவரே புகைப்படமும் எடுத்தார். நிறந்தீட்ட நேரமின்மையாலோ, எந்நிறம் என்னும் தயக்கத்தாலோ, வெண்மையிலேயே ஒரு நிறைவைக் கண்டமையாலோ அவர் அவ்வாறு விட்டார் என்று எவரும் துணிந்து கூறவியலாது.

நிறத்தை நீக்குதல் பற்றி அவர் கொண்டிருந்த கருத்தோ ஐயத்துக்கு இடமற்றது. 1950 இல் அவர் செய்த '17 எச்கள்' என்னும் சிற்பம் சிவப்பு நிறத்தால் ஆறு பூச்சுப் பெற்றிருந்தது. அது கைமாறி விற்கப்பட்ட வேளையிலே யாரோ அந்நிறத்தைச் சுரண்டி நீக்கிவிட்டனர். செய்தி அறிந்த ஸ்மித் 1960 ஆம் ஆண்டு கலைச் சஞ்சிகைகளுக்குப் பகிரங்கக் கடிதம் வரைந்தார். இது வேண்டுமென்றே செய்யப்பட்ட நாசவேலை என்றும், அச்சிற்பத்தை இனித் தம்முடையது என ஏற்கப்போவதில்லை என்றும், பழைய இரும்பாக நிறுத்து விற்றால் வரும் விலையே அதன் மதிப்பு என்றும் அறிவித்தார். தன் பிள்ளையைத் தானே கைகழுவுதற்கு ஒப்பான இச்செயல் சினத்தின்பாற்பட்டது மட்டுமன்று. நிறம் நீங்கிய சிற்பம் குறைபட்ட ஸ்மித் சிற்பம் அன்று, அது ஸ்மித்தின் சிற்பமே அன்று என்னும் கோட்பாடு அதனுள் அடங்கியுள்ளது.

1965 ஆம் ஆண்டு மே மாதம் 23 ஆந் திகதி, வேர்மொன்ற் மாநிலத்துப் பெனிங்ரன் நகருக்கு அண்மையில் தமது லொறி வண்டி விபத்துக்குள்ளானமையால் ஸ்மித் காலமானார். வயது ஐம்பத்தொன்பது. புதல்வியர் இருவரும் சிறுமியராயிருந்தனர். மரணசாசன நிறைவேற்றுநராக மூவர் அமைந்தனர்: கலை விமர்சகர் கிளெமென்ற் கிறீன்பேர்க், ஓவியர் றொபேட் மதர்வெல், சட்டத்தரணி ஐறா லோ. இவர்களுட் கலை சார்ந்த விடயங்களில் முன்னின்றவர் கிறீன்பேர்க். அக்காலத்து அமெரிக்கக் கலையுலகில் அவர் சொல்லுக்கு இருந்த செல்வாக்கு அளப்பரியது. ஸ்மித்தின் மேதைமையை உலகறியுமுன் உணர்ந்து, தம் தலைமுறையின் தலைசிறந்த சிற்பிகளுள் ஒருவராக அவரை மதித்து எழுதிவந்தவரும் அவரே. இதனினும் தகுதிவாய்ந்த காவலர் ஒருவரைத் தேர்தல் அரிது என எவரும் எண்ணியிருப்பர்.

எனினும், ஸ்மித்தின் நிறங்கள் கிறீன்பேர்க்குக்கு என்றுமே உவப்பளிக்கவில்லை. பூசிய நிறத்தை ஸ்மித் வெற்றியாகக் கையாண்டதில்லை என்னும் கருத்தைச் சிற்பி உயிரோடிருந்தபோதே அவர் எழுதியிருந்தார். சிற்பி மறைந்த பின் வெண்பூச்சுடன் நின்ற சிற்பங்கள் சிலவற்றின் பூச்சு அவருடைய பணிப்பின் பேரில் நீக்கப்பட்டது. வேறு சில, நிறந்தீட்டப்பெற்றவையாயிருந்தும் வெயிலிலும் மழையிலும் விடப்பட்டமையால் உரிந்து சிதைந்தன. இச்செய்தியை 1974 ஆம் ஆண்டு ஓர் அமெரிக்கக் கலைச் சஞ்சிகையிலே வெளிப்படுத்தியவர், ஸ்மித்தின் ஆக்கங்களை ஆராய்ந்து நூல் எழுதிய றொசலின்ட் குறௌஸ் என்பவர். முன்னர் எடுக்கப்பட்ட படங்களையும் பின்னர் எடுக்கப்பட்டவற்றையும் அவர் அருகருகே வைத்துக் காட்டினார். கலையுலகம் இரண்டுபட்டது.

கிறீன்பேர்க்கின் தரப்பை அதன் வலுக்குன்றாமல் எடுத்துரைப்பதே நேர்மை. வெள்ளை வெறும் அடிப்பூச்சு. ஸ்மித் அதனை இறுதி நிறமாகக் கருதவில்லை. அதனை நிலைக்கவிடுதல் அவர் விரும்பாத ஒன்றை அவர் பெயரால் உலகுக்குக் காட்டுவதாகும். இவ்வாதம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கது அன்று. மேலே சுட்டிய 1964 ஆம் ஆண்டுச் செவ்வியும் இதற்குத் துணைநிற்கின்றது. அரைகுறையான கையெழுத்துப் பிரதியை அச்சேற்றாது விடும் பதிப்பாசிரியரை எவரும் குறைகூறுவதில்லையே!

ஆயினும் இவ்வாதத்தில் ஒரு படி விடுபட்டுள்ளது. வெள்ளை இறுதி நிலை அன்று என்பதனால், வெற்றிரும்பு இறுதி நிலை என்பது பெறப்படுமா? ஸ்மித் செல்லக் கருதிய வழி இரும்பிலிருந்து வெள்ளைக்கும் வெள்ளையிலிருந்து நிறத்துக்கும் ஆகும். அவ்வழியின் நடுவே இறப்பு அவரை நிறுத்திற்று. மேலே செல்லவேண்டிய திசை அறியப்படாதபோது அவர் நின்றவிடத்தில் நிற்பது ஒன்று; அவர் வந்த வழியே திரும்பிச் செல்வது மற்றொன்று. பூச்சிடத் தொடங்கிய கணத்திலேயே வெற்றிரும்பை அவர் நிராகரித்துவிட்டார். அவர் மனம் என்ன நிறத்தை நாடியது என்பது தெரியாது. எதனை விலக்கியது என்பது தெரியும். விலக்கிய அதனையே அவர் பெயரால் நிலைநாட்டியமை அடிப்பூச்சு வாதத்துக்கே முரணாகின்றது. எனவே, அவ்வாதத்தின் பின்னால் நின்று உண்மையிற் செயற்பட்டது விமர்சகரின் சுவையே என்று கொள்வதைத் தவிர்த்தல் அரிது. அவருக்கு நிறமற்ற ஸ்மித்தே சிறந்த ஸ்மித்.

அச்சுவை பிழையானது என்று கூறவும் வேண்டுவதில்லை. அவர் கூறியது முற்றிலும் உண்மையாயிருக்கலாம். நிறம் நீங்கியபின் சில சிற்பங்கள் கண்ணுக்கு மேலும் இனியனவாகவும் இருக்கலாம். இங்கேதான் இவ்விடயத்தின் அறவியற் சிக்கல் உள்ளது. கலையுணர்வற்ற காவலன் ஒருவன் ஆக்கத்தை மாற்றத் துணிவது அரிது. தன் அறியாமையே அவனைத் தடுக்கும். தேர்ந்த இரசிகனுக்கோ மேலான வடிவம் கண்முன் தோன்றுகின்றது. அதனை அடைய ஒரு சுரண்டல் போதும் என்பதும் தெரிகின்றது. விமர்சகனின் கடமை தீர்ப்புக் கூறல். காவலனின் கடமை தீர்ப்பை ஒத்திவைத்தல். முன்னையது எழுத்தில் நிகழுமாயின் மறுப்பவர் மறுக்கலாம், ஆக்கம் தீண்டப்படாது நிற்கும். பின்னையவன் தன் தீர்ப்பை ஆக்கத்தின்மீதே எழுதிவிடுவானாயின் மறுப்போர்க்குச் சான்றாகக் காட்ட எதுவும் எஞ்சாது. கிறீன்பேர்க் தம் கருத்தைக் கட்டுரையில் எழுதியவரை அவர் தம் உரிமைக்குள் நின்றார். அதே கருத்தை இரும்பின்மீது நிறைவேற்றியபோதே எல்லை கடந்தார்.

இலக்கிய உலகிலிருந்து ஒரு பழைய உதாரணம் இதனைத் தெளிவுறுத்தும். உரோமக் கவிஞர் வேர்ஜில் கி.மு. 19 இல் இறந்தபோது அவருடைய 'ஈனியிட்' காவியம் திருத்தி முடிக்கப்படாதிருந்தது. அதனை எரித்துவிட வேண்டும் என்பது அவர் விருப்பம் எனப் பண்டைய வரலாற்றுரைகள் கூறும். பேரரசர் ஒகஸ்ரஸ் அதற்கு இசையாது, வேரியஸ், துக்கா என்னும் நண்பர் இருவரிடம் அதனை ஒப்புவித்தார். மிகையானவற்றை நீக்கலாம், ஒன்றையும் சேர்த்தலாகாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட விதி என்று பிற்கால உரைகாரர் சேர்வியஸ் குறித்துள்ளார். அவ்விருவரும் கவிஞர்களே; யாப்பறிந்தவர்களே. காவியத்திலே பாதியில் நின்ற அடிகள் ஐம்பதுக்கு மேல் இருந்தன. அவற்றுள் ஒன்றையேனும் நிரப்புவது அவர்களுக்கு அரிதாயிருந்திருக்க முடியாது. நிரப்பவில்லை. முறிந்த அடிகள் முறிந்தபடியே இரண்டாயிரம் ஆண்டுகளாக வாசிக்கப்படுகின்றன. நீக்குதற்கு அளித்த அனுமதி மட்டும் ஐயத்துக்குரியது. சேர்த்தல் மட்டுமே மாற்றம், கழித்தல் மாற்றம் அன்று என்னும் பழைய மயக்கம் அவ்விதியிலும் உண்டு. பூச்சைச் சுரண்டியவர்களிடமும் அதுவே இருந்தது போலும்.

இறந்தவருக்குத் தீங்கிழைத்தல் எங்ஙனம் இயலும் என இவ்விடத்து ஒருவர் வினவலாம். மரணம் வந்தவிடத்து உணர்வோன் இல்லை. ஆகவே இறந்தோனுக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்பது எபிக்கியூரசின் கொள்கை. அரிஸ்ரோட்டிலோ, உற்றார்க்கு நேரும் நன்மை தீமைகள் இறந்தோரை ஓரளவேனும் தீண்டுமா என்பதை எளிதில் ஒதுக்கிவிடாது ஆராய்ந்தார். இவ்விருவருட் சரியானவர் எவர் என்பது தீர்க்கப்படும்வரை ஸ்மித்தின் பிரச்சினை காத்திருக்க வேண்டியதில்லை. ஏனெனில், இங்கே ஏமாற்றப்படுவோர் உயிருள்ளோரும் ஆவர். நூதனசாலையிலே பழுப்பு நிறச் சிற்பம் ஒன்றின் முன் நின்று, அதன் கீழே ஸ்மித்தின் பெயரைக் கண்டு, இவ்வாறு கரடுமுரடாக நிற்க அவர் கருதினார் என நம்பும் மாணவன் அறிவது ஸ்மித்தை அன்று. கையொப்பம் என்பது ஒரு கூற்று. இது என்னுடையது, இவ்வாறே இது இருக்க நான் விட்டேன் என்னும் கூற்று. அக்கூற்றைப் பொய்யாக்குதல், அதனைக் கூறியோன் இல்லையாயினும், கேட்போனுக்கு இழைக்கும் தீங்காகும்.

மேலும் கடினமான ஆட்சேபம் இரும்பிலிருந்தே எழுகின்றது. திறந்த வெளியில் நிற்கும் உருக்கு எந்நாளும் ஒரே நிலையில் நிற்பதில்லை. பூச்சு வெடிக்கும், நீர் உட்புகும், துரு அரிக்கும். ஒன்றும் செய்யாதிருத்தலும் ஒரு மாற்றமே. மழை செய்தாற் பொறுத்துக்கொள்வதை மனிதன் செய்தால் ஏன் பழிக்கவேண்டும்? இக்கேள்விக்கு விடை மாற்றத்தின் அளவில் இல்லை. உரியும் பூச்சை அதே நிறத்தாற் காக்க முயன்று தோற்பவனும், உரிவது நல்லதென்று மகிழ்ந்து பார்த்திருப்பவனும் ஒரே விளைவில் வந்து முடியலாம்; அவர்கள் ஒரே செயலைச் செய்தவர் ஆகார். நிறம் தமக்குப் பிடித்திருந்தால் நிறைவேற்றுநர் அதனை மழையில் விட்டிருப்பாரா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஸ்மித்தின் சொந்தச் செயலும் இவ்விடத்து எண்ணத்தக்கது. 1962 இல் இத்தாலி நாட்டிற்கு அழைக்கப்பட்ட அவர், ஜெனோவாவுக்கு அருகில் வோல்ற்றி என்னுமிடத்திலே மூடப்பட்டுக் கிடந்த உருக்குத் தொழிற்சாலையில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் இருபத்தேழு சிற்பங்களை ஆக்கினார். அங்கே கிடந்த குறடுகள், சில்லுகள், சாவிகள், வேலைமேசைகள் யாவும் அவற்றின் உறுப்புக்களாயின. அக்குறடுகளை அடித்த கொல்லர் எவரிடமும் அவர் அனுமதி கேட்கவில்லை. பிறர் கைவண்ணத்தைத் தம் நோக்குக்கு ஏற்ப மாற்றியவர், தம் கைவண்ணம் மாற்றப்படுவதைக் கண்டு வெகுண்டெழுவது முறையா? முறையே எனலாம், ஆயினும் தயக்கத்தோடே. குறடு ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டு, அவ்வேலை முடிந்தபின் கைவிடப்பட்டது. அதனைச் சிற்பத்தில் ஏற்றிய ஸ்மித் அக்கொல்லனின் பெயரால் அதனைக் காட்டவும் இல்லை. தம் பெயரால், தம் பொறுப்பிலே காட்டினார். பூச்சு நீக்கிய இரும்பையும் கிறீன்பேர்க் தம் பெயரால் நிறுத்தியிருப்பாராயின் வழக்கு ஒருவாறு இலகுவாகியிருக்கும். எனினும் பெயரற்ற கொல்லன், பெயர்பெற்ற சிற்பி என்னும் இவ்வேறுபாட்டில் அறம் எவ்வளவு, சமுதாயம் கைவினைஞனுக்கு வழங்கிய தாழ்ந்த இடம் எவ்வளவு என்பது எளிதிற் பிரித்தறியக்கூடியது அன்று. தொழிலாளியாயிருந்து சிற்பியான ஸ்மித்துக்கே அது தெரிந்திருக்கும்.

சட்டம் இவ்வழக்கில் நெடுங்காலம் மௌனமாயிருந்தது. ஆக்கியோனின் ஒழுக்க உரிமை என்னும் கருத்து 1928 ஆம் ஆண்டு உரோம் நகரில் நிகழ்ந்த மாநாட்டிலே பேர்ண் உடன்படிக்கையிற் சேர்க்கப்பட்டது. பிரான்சிலே அவ்வுரிமை காலவரையறையற்றது. ஐக்கிய அமெரிக்கா 1989 இலேதான் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. 1990 இல் இயற்றப்பட்ட அமெரிக்கச் சட்டமும், தான் நடைமுறைக்கு வந்தபின் தோன்றும் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்கும் அவற்றை ஆக்கியோரின் ஆயுட்காலம் வரையே இப்பாதுகாப்பை அளிக்கின்றது. ஸ்மித் எவ்விடத்தில் எவருடைய காவலை வேண்டிநின்றாரோ அவ்விடத்தில் அச்சட்டம் விடைபெற்றுக்கொள்கின்றது.

போல்ற்றன் லான்டிங் புல்வெளியில் நின்ற சிற்பங்கள் பல்வேறு திசைகளுக்குப் பிரிந்து சென்றன. 1967 இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள ஸ்ரோம் கிங் கலைமையம் அவற்றுட் பதின்மூன்றை வாங்கி, மலையும் புல்லும் சூழ அமைத்தது. அதே மையத்திலே 2017 ஆம் ஆண்டு ஸ்மித்தின் வெண்ணிறச் சிற்பங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடைபெற்றது. ஒரு தலைமுறைக்கு முன் வெறும் அடிப்பூச்சு எனச் சுரண்டப்பட்ட வெள்ளை, இப்போது தனியே நின்று நோக்கத்தக்க நிறமாயிற்று. வெள்ளையை இழந்த சிற்பம் ஒன்றுக்கு அதனைத் திரும்பப் பூசலாம். பழைய படங்கள் வழிகாட்டும். ஆயின், எத்தனை பூச்சு, எந்தத் தூரிகை, எவ்விடத்தில் ஒழுகியது, எவ்விடத்தில் அடியிலுள்ள நாகப்பூச்சு மெல்லத் தெரிந்தது என்பவற்றைப் படம் கூறாது. அவற்றையும் பூசுபவர் ஒருவரே தீர்மானிக்க வேண்டும். அவரும் ஸ்மித் அல்லர்.